இரட்டையரில் ஒருவருக்கு ஊசி, இன்னொருவருக்கு ஸ்ப்ரே

மருத்துவ ஆராய்ச்சியில் "இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு" என்று சொன்னவுடனே அதற்கு ஒரு தனி மரியாதை வந்துவிடுகிறது. ஒரே மரபணு, ஒரே வயது, ஒரே வீட்டுச் சாப்பாடு. ஒருவருக்கு ஒரு மருந்து, இன்னொருவருக்கு வேறு மருந்து. கடைசியில் இருவருக்கும் இடையில் வித்தியாசம் வந்தால் அது மருந்தால் வந்ததுதானே, வேறென்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃப்ளூ தடுப்பு மருந்தின் வகைகளை இப்படி ஒப்பிடும்போது, அந்த "வேறென்ன" என்ற கேள்விக்குள் ஏகப்பட்ட விஷயம் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இதைப் படித்துவிட்டு எந்தத் தடுப்பு மருந்து எடுப்பது, எதை விடுவது என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். அதற்கு மருத்துவர் இருக்கிறார். நான் பார்ப்பது ஆய்வின் கட்டுமானத்தை மட்டும்.

எந்த இரண்டு வகை?

பரவலாகப் போடப்படும் ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். அது உடம்பில் பெருகாது. புஜத்துத் தசையில் போடுவார்கள். இரண்டாவது வகை மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே. (தமிழில் இதையும் "தடுப்பூசி" என்றே சொல்ல வேண்டியிருக்கிறது, ஊசியே இல்லாவிட்டாலும்.) இதில் இருப்பது உயிருள்ள, ஆனால் பலவீனப்படுத்தப்பட்ட வைரஸ். குளிர்ச்சியான மூக்குப் பகுதியில் கொஞ்சம் பெருகும், நுரையீரலின் சூட்டில் பெருக முடியாத மாதிரி பழக்கப்படுத்தியிருப்பார்கள். அமெரிக்காவில் ஃப்ளூமிஸ்ட் என்ற பெயரில் 2003இல் அனுமதி பெற்றது. 2009 பன்றிக் காய்ச்சலுக்குப் பிறகு நம் ஊரிலும் புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் 2010இல் நாசோவாக் என்ற மூக்கு மருந்தைக் கொண்டுவந்தது.

ஒன்று பெருகாது, மற்றொன்று பெருகும். ஒன்று கையில் போகிறது, மற்றொன்று வைரஸ் வழக்கமாக நுழையும் வாசலிலேயே போகிறது. இந்த இரண்டு வித்தியாசங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்டூடன்ட் சொன்ன யோசனை

ஜோடியில் ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு வேறொன்று என்ற யோசனைக்கு வயது அதிகம். எனக்குப் பிடித்த உதாரணம் 1930இல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயரில் நடந்த பால் பரிசோதனை. 67 பள்ளிகள், சுமார் 20,000 குழந்தைகள். 5,000 பேருக்குக் காய்ச்சாத பால், 5,000 பேருக்குப் பாஸ்டரைஸ் செய்த பால், மீதி 10,000 பேருக்கு எதுவும் இல்லை. நான்கு மாதம் கழித்து உயரம், எடை பார்த்தார்கள்.

கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் புள்ளியியல் எழுதிய வில்லியம் கோசெட், 1931இல் இதைப் பிரித்து மேய்ந்தார். ஒரு பக்கம் நன்கு வளர்ந்த பிள்ளைகளும் மறுபக்கம் ஒல்லிப் பிள்ளைகளும் அதிகமாகச் சேர்ந்துவிட்டதாகத் தோன்றினால், ஆசிரியர்கள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். ஆசிரியர்களும் மனிதர்கள்தானே. ஏழைக் குழந்தை பக்கம் பால் போயிருக்கிறது. விளைவு, பால் இல்லாத குழு ஆரம்பத்திலேயே உயரத்திலும் எடையிலும் முன்னால் நின்றது. போதாததற்குக் குழந்தைகளை உடையோடு எடை போட்டிருக்கிறார்கள், குளிர்காலத்தில் ஒருமுறை, கோடைத் தொடக்கத்தில் ஒருமுறை. வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கழற்ற கம்பளி நிறைய, ஏழைப் பிள்ளைக்குக் கம்மி.

ஸ்டூடன்ட் கடைசியில் சொன்ன யோசனைதான் முக்கியம். காய்ச்சாத பாலா, பாஸ்டரைஸ் செய்த பாலா என்று தெரிந்துகொள்ள 20,000 பேர் வேண்டாம். ஒரே அச்சில் பிறந்த இரட்டையர் 50 ஜோடி போதும். செலவும் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் ஆகும். இன்று இரட்டையர் ஒப்பீட்டுக்குக் கிடைக்கும் மரியாதையின் வேர் இந்த மாதிரிக் கணக்கில்தான் இருக்கிறது.

கணக்கு சரியானதுதான். ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை உண்டு.

ஜோடி போடுவதால் என்ன லாபம்?

ஒரு அளவை எடுத்துக்கொள்வோம். இரட்டையரில் ஒருவரின் அளவு தெரிந்தால் மற்றவரின் அளவை எவ்வளவு தூரம் ஊகிக்க முடியும் என்பதைச் சொல்வது ஒட்டுறவு. 0 என்றால் ஊகிக்கவே முடியாது, 1 என்றால் அப்படியே நகல். ஜோடி போட்டு ஒப்பிடும்போது தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை (1 − ஒட்டுறவு) என்ற விகிதத்தில் குறையும். அவ்வளவுதான் சூத்திரம்.

ஒட்டுறவு 0.9 என்று வையுங்கள், ஒருகரு இரட்டையரின் உயரம் கிட்டத்தட்ட அப்படித்தான். ஜோடி இல்லாமல் பக்கத்துக்கு 100 பேர் தேவைப்படும் ஆய்வை 10 ஜோடியில் முடித்துவிடலாம். ஒட்டுறவு 0.1 என்றால்? 90 ஜோடி வேண்டும். அதாவது இரட்டையர்களைத் தேடி அலைந்ததெல்லாம் வீண், தெருவில் போகிற ஒரே வயதுக்காரர்களைக் கூப்பிட்டிருக்கலாம்.

ஆக, ஸ்டூடன்ட்டின் யோசனை வளர்ச்சிக்குப் பொருந்தியது, வளர்ச்சி இரட்டையர்களுக்குள் ஒத்துப்போகும் சமாசாரம் என்பதால். ஃப்ளூ தடுப்பு மருந்துக்கு உடம்பு காட்டும் பதிலும் அப்படி ஒத்துப்போகுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் "இரட்டையர் ஆய்வு, அதனால் துல்லியம்" என்று சொல்வது அவசரம்.

முதலில் ஏ/ஏ டெஸ்ட்

எங்கள் தொழிலில் ஏ/பி டெஸ்ட் என்று ஒன்று உண்டு. பாதிப் பயனர்களுக்குப் பழைய பக்கம், பாதிப் பேருக்குப் புதிய பக்கம். ஆனால் அனுபவமுள்ளவர்கள் அதற்கு முன்னால் ஏ/ஏ டெஸ்ட் ஓட்டுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பக்கத்தைக் காட்டு. அப்போதும் வித்தியாசம் வருகிறதா? வந்தால் அது இரைச்சல். அந்த இரைச்சலின் அளவு தெரியாமல் ஏ/பி முடிவைப் படிக்கக் கூடாது.

ஃப்ளூ தடுப்பூசிக்கு ஏ/ஏ டெஸ்ட் மாதிரி படிக்கக்கூடிய ஒரு ஆய்வு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் டேவிஸின் குழு செய்தது. பெட்டர் ப்ரோடின் முதல் ஆசிரியர், 2015 ஜனவரியில் செல் இதழில் வந்தது. 8 வயது முதல் 82 வயது வரை 210 இரட்டையர்கள், அதாவது 105 ஜோடி. அதில் 78 ஜோடி ஒருகரு, 27 ஜோடி இருகரு. ரத்தத்தில் செல் வகைகள், சைட்டோகைன்கள் என்று 204 அளவுகளைப் பார்த்தார்கள். அவற்றில் 77 சதவீதத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பாதிக்கு மேல் மரபு சாராத காரணங்களால் வருகிறது என்றார்கள். பருவகால ஃப்ளூ தடுப்பூசி போட்டபின் வரும் ஆன்டிபாடி பதிலிலும் மரபின் பங்கு பெரிதாகத் தென்படவில்லை. முன்பு போட்ட தடுப்பூசிகளும், முன்பு வந்துபோன வைரஸ்களும்தான் காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள்.

இன்னொரு முடிவு அதைவிடச் சுவாரசியம். சைட்டோமெகாலோ வைரஸ் என்று ஒன்று, பலருக்குச் சத்தமில்லாமல் வந்து ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். ஒருகரு ஜோடியில் ஒருவருக்கு மட்டும் அது இருந்தால், அளந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை அதனால் பாதிக்கப்பட்டிருந்தன. ஒரே இமேஜிலிருந்து எழுப்பிய இரண்டு சர்வர்கள் மாதிரி. முதல் நாள் பிரதி. இருபது வருடம் வெவ்வேறு ட்ராஃபிக்கில் ஓடிய பிறகு இமேஜ் ஒன்றுதான் என்று சொல்லி என்ன பயன்? உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் வேறு.

இந்த ஆய்வையும் அப்படியே விழுங்க முடியாது

நியாயமாக இருக்க வேண்டுமென்றால் இதையும் கேள்வி கேட்கவேண்டும். மரபின் பங்கைக் கணக்கிடப் பழைய எளிய வழி ஃபால்கனர் சூத்திரம். ஒருகரு ஒட்டுறவிலிருந்து இருகரு ஒட்டுறவைக் கழி, இரண்டால் பெருக்கு. ஆக இருகரு ஜோடிகள் எத்தனை என்பது முக்கியம். இங்கே 27. ஒட்டுறவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது 27 ஜோடியில் அதன் திட்டப்பிழை சுமார் 0.2, 78 ஜோடியில் சுமார் 0.11. இரண்டையும் சேர்த்து இரண்டால் பெருக்கினால் மரபுப் பங்கின் திட்டப்பிழை சுமார் 0.45க்கு வருகிறது. 0 முதல் 1 வரை மட்டுமே இருக்கக்கூடிய ஒரு எண்ணுக்கு இவ்வளவு பிழை! அவர்கள் பயன்படுத்திய மாடல் இதைவிட நாசூக்கானது என்றாலும், மாடல் எதுவானாலும் 27 ஜோடி 27 ஜோடிதான். தனித்தனி அளவுகளில் "மரபின் பங்கு இல்லை" என்பதை "இருந்தாலும் இவ்வளவு பேரை வைத்துப் பார்க்க முடியவில்லை" என்றும் படிக்கலாம்.

அதே 2015இல் அதே செல் இதழில் பிரிட்டனின் இரட்டையர் பதிவேட்டிலிருந்து 669 பெண்களை வைத்து மரியோ ரோடரர் குழு செய்த ஆய்வு வந்தது. நோய் எதிர்ப்புச் செல்களின் பல அளவுகளில் மரபின் கை வலுவாகவே இருப்பதாக அது காட்டியது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

வயதைப் பொறுத்தும் மாறுகிறது. 2004இல் காம்பியாவில் 207 இரட்டை ஜோடிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. எல்லாம் சில மாதக் குழந்தைகள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிக்கு வரும் ஆன்டிபாடி வேறுபாட்டில் மரபின் பங்கு 77 சதவீதம், வாய்வழிப் போலியோ மருந்துக்கு 60 சதவீதம் என்று வந்தது. மருந்தும் வேறு, ஊரும் வேறு, அதனால் நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் திசை தெரிகிறது. கைக்குழந்தைக்கு வரலாறு குறைவு, மரபு கண்ணுக்குத் தெரிகிறது. நாற்பது வயதுக்காரரின் உடம்பில் நாற்பது ஃப்ளூ பருவங்களின் தடம் இருக்கிறது. அதில் மரபு மூழ்கிவிடுகிறது.

இன்னும் ஒரு நுணுக்கம். இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஜோடி போடுவதன் லாபத்தைத் தீர்மானிப்பது மரபின் பங்கு இல்லை, ஒருகரு ஒட்டுறவு. இரண்டும் ஒன்றல்ல. ஒரே வீட்டில், ஒரே பள்ளியில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே சளி, ஒரே காய்ச்சல், ஒரே வருடம் தடுப்பூசி. மரபின் பங்கு பூஜ்யமாகவே இருந்தாலும் அவர்களுடைய பதில் ஒத்துப்போகலாம். வளர்ந்து ஆளுக்கொரு ஊரில் வாழும் இரட்டையரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. எனவே 8 வயதையும் 82 வயதையும் ஒரே கூடையில் போட்ட கூட்டம் ஜோடி ஒப்பீட்டுக்கு நல்ல கூட்டம் இல்லை.

அப்படியானால் குழந்தைகளை எடுக்கலாமே?

எடுக்கலாம். அங்கே வேறொரு வம்பு காத்திருக்கிறது. ஸ்ப்ரேயில் இருப்பது பெருகும் வைரஸ் என்று மேலே சொன்னேன். சின்னக் குழந்தைகள் அதை மூக்கு வழியே வெளியேயும் விடும். பின்லாந்தில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஒரு ஆய்வில் ஸ்ப்ரே பெற்ற குழந்தைகளில் சுமார் 80 சதவீதத்தினர் தடுப்பு மருந்து வைரஸை ஒரு நாளாவது வெளியேற்றினார்கள். மருந்து பெறாத குழந்தைக்கு உறுதியாகத் தொற்றியது ஒரே ஒரு முறை. ஆபத்து என்ற வகையில் இது அற்பம், யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பரிசோதனை வடிவமைப்பு என்ற வகையில் யோசியுங்கள். ஊசி போட்டுக்கொண்ட குழந்தையும் ஸ்ப்ரே அடித்துக்கொண்ட குழந்தையும் ஒரே பாயில் படுத்துத் தூங்குகிறார்கள். ஒப்பீட்டின் இரண்டு பக்கங்களும் தனித்தனி என்ற அடிப்படையே கொஞ்சம் கசிகிறது. எங்கள் ஆட்கள் இரண்டு டெஸ்ட் சூழல்களுக்கு ஒரே கேஷ் வைத்தால் திட்டு வாங்குவார்கள்.

ஆக, இரட்டையர்கள் எந்த வயதில் ஒத்துப்போக வாய்ப்பு அதிகமோ, அந்த வயதில்தான் ஒருவரையொருவர் மாசுபடுத்தும் வாய்ப்பும் அதிகம். இந்த இழுபறிக்கு எளிய தீர்வு எனக்குத் தெரியவில்லை. ஆனால் இப்படி ஒரு இழுபறி இருக்கிறது என்பதையாவது ஆய்வை விவரிப்பவர்கள் சொல்ல வேண்டும்.

எந்த அளவுகோல்?

இதுவரை பேசியது யாரை ஒப்பிடுவது என்பது பற்றி. எதை வைத்து ஒப்பிடுவது என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை.

இம்மாதிரி ஆய்வுகளில் வழக்கமாக மருந்து கொடுக்கும் முன்பும், ஒரு வாரம் கழித்தும், நான்கு வாரம் கழித்தும் ரத்தம் எடுப்பார்கள். ஃப்ளூ வைரஸ் சிவப்பணுக்களை ஒட்டவைத்துத் திரளச் செய்யும். ரத்த சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் அது தடுக்கப்படும். சீரத்தை இரட்டிப்பு இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே போய், எதுவரை தடுக்கிறது என்று பார்ப்பார்கள். 1:40 என்பது புகழ்பெற்ற கோடு. தன்னார்வலர்களுக்கு வைரஸைக் கொடுத்துப் பார்த்த பழைய சோதனைகளிலிருந்து 1972இல் வந்த கணிப்பு அது. அந்த அளவு இருந்தால் சுமார் பாதிப் பாதுகாப்பு.

இந்தக் கோல் ஊசிக்குப் பிறந்த கோல். ஊசி ரத்தத்தில் ஆன்டிபாடியை ஏற்றுகிறது, கோல் ரத்தத்தில் அளக்கிறது. ஸ்ப்ரே மூக்கின் சளிச்சவ்வில் ஐஜிஏ ஆன்டிபாடியையும், டி செல்களையும் தூண்டும். அதெல்லாம் கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் முழுசாகத் தெரியாது. எமரி பல்கலைக்கழகத்தில் பாலி புலேந்திரன் குழு 2011இல் நேச்சர் இம்யூனாலஜியில் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களுக்கு ஊசி போட்டபோது ஆன்டிபாடியும், ஆன்டிபாடி உற்பத்தி செய்யும் பிளாஸ்மாபிளாஸ்ட் செல்களும் ஸ்ப்ரேயைவிடத் தெளிவாக அதிகம். அதனால் ஊசிதான் சிறந்தது என்று முடித்துவிடலாமா?

நோய் வந்ததா இல்லையா என்று பார்த்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. 2007இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ராபர்ட் பெல்ஷே குழு வெளியிட்ட ஆய்வில், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஸ்ப்ரே பெற்றவர்களுக்கு ஊசி பெற்றவர்களைவிட ஃப்ளூ சுமார் 55 சதவீதம் குறைவு. 153 பேருக்கு எதிராக 338 பேர். (இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு மூச்சிரைப்பு போன்ற கவலைகள் வந்ததால் அமெரிக்காவில் 2 வயதுக்கு மேல்தான் அனுமதி.) 2009இல் அதே இதழில் ஆர்னால்ட் மான்டோ குழு மிச்சிகனில் 1,952 பெரியவர்களை வைத்துப் பார்த்தபோது ஊசி 68 சதவீதம், ஸ்ப்ரே 36 சதவீதம். குழந்தைகளில் ஒரு விடை, பெரியவர்களில் நேர் எதிர் விடை. ஒருவேளை பெரியவர்களின் மூக்கில் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பு அந்தப் பலவீன வைரஸைப் பெருகவே விடுவதில்லையோ என்று பேசுகிறார்கள். மறுபடியும் வரலாறு!

மருந்தும் ஒரே மருந்து இல்லை

ஃப்ளூ தடுப்பு மருந்து ஒவ்வொரு வருடமும் புது வெர்ஷன். உள்ளே இருக்கும் வைரஸ் ரகங்கள் மாறும். 2015-16 பருவத்தில் அமெரிக்காவில் 2 முதல் 17 வயதுக்காரர்களுக்கு ஸ்ப்ரேயின் பலன் 3 சதவீதம், ஊசியின் பலன் 63 சதவீதம் என்று சிடிசி கணக்கிட்டது. 2016 ஜூனில் அவர்களுடைய ஆலோசனைக் குழு ஸ்ப்ரேயைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. ஆனால் அதே பருவத்தில் பிரிட்டனில் குழந்தைகளுக்கு ஸ்ப்ரேயின் பலன் சுமார் 58 சதவீதம் என்று வந்தது, அவர்கள் நிறுத்தவில்லை. பிறகு ஸ்ப்ரேயில் இருந்த எச்1என்1 ரகம் சரியாகப் பெருகவில்லை என்று சந்தேகித்து வேறு ரகத்தை வைத்தார்கள். 2018-19 பருவத்தில் அமெரிக்காவிலும் திரும்ப வந்தது.

இரண்டு பருவங்கள் ஒரு நாட்டின் குழந்தைகளுக்கு ஒரு மருந்து இல்லாமல் போனது சின்ன விஷயமல்ல. அதைத் தீர்மானித்தது எத்தனை பேர் நோயாளியாக வந்தார்கள் என்ற எண்ணிக்கை. ஒரு பருவத்தில் சில டஜன் இரட்டையர்களின் ரத்தத்தைப் பார்த்து "ஸ்ப்ரேயா ஊசியா" என்று தீர்ப்பு சொல்லவே முடியாது. அப்படிச் சொல்கிற செய்தித் தலைப்புகள் வந்தால் நம்பாதீர்கள்.

அப்போ இந்த ஆய்வுகள் வீணா?

இல்லவே இல்லை. கேள்வியை மாற்றினால் இவை பொன். "எது சிறந்தது" என்பதை விட்டுவிட்டு, "இரண்டும் உடம்பில் எந்தெந்த இடத்தில், எந்த வரிசையில் தடம் பதிக்கின்றன" என்று கேட்டால் இரட்டையர்களைப் போல ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். குறிப்பாக ஆன்டிபாடி மரபணுக்களின் தொடர்வரிசைகளைப் படிக்கும்போது, இருவருக்கும் ஆரம்ப எழுத்துகள் ஒன்றே என்பது பெரிய வசதி. அங்கே மரபைச் சமன்படுத்துவதில் உண்மையான லாபம் இருக்கிறது.

இப்படி ஒரு ஆய்வின் விவரம் கையில் கிடைத்தால் நான் பார்ப்பவை ஐந்து. ஒன்று, இருவருக்கும் ஒரே வகை மருந்து கொடுத்த ஜோடிகள் இருக்கிறார்களா, அதாவது ஏ/ஏ பகுதி. இரண்டு, ஒருகரு ஒட்டுறவை எண்ணாக வெளியிட்டிருக்கிறார்களா. மூன்று, முந்தைய வருடங்களில் யார் என்ன போட்டுக்கொண்டார்கள் என்ற வரலாறும், மருந்துக்கு முந்தைய ஆன்டிபாடி அளவும் கணக்கில் வந்திருக்கிறதா. நான்கு, ரத்தத்தோடு மூக்கிலிருந்தும் மாதிரி எடுத்தார்களா. ஐந்து, ஒரு பருவத்தோடு நிறுத்திக்கொண்டார்களா. இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் 30 ஜோடி ஆய்வைக்கூட மதித்துப் படிப்பேன். எதற்கும் பதில் இல்லையென்றால் 300 ஜோடி இருந்தாலும் அது லானார்க்‌ஷயர்ப் பால்தான்.

ஒருகரு இரட்டையர் என்பது ஒரே வித்து என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். ஃப்ளூவைப் பொறுத்தவரை உடம்பு பதில் சொல்வது பெரும்பாலும் தான் பட்ட அனுபவத்திலிருந்து. அந்த அனுபவத்தை எந்தப் பிறப்பும் சமன்படுத்தித் தராது, ஆய்வாளர்கள்தான் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.